விளையாட்டில் மூன்று கவசம், தோட்டத்தில் எத்தனை?

வண்டிப்பெரியார்:

வெயில் தாழ்ந்த மாலை நேரம். தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நான்கு பையன்கள் ஒரே செல்போனைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். திரையில் வாளும் கையுமாக ஒரு வீரன் நிற்கிறான். அவனுக்கு எந்தக் கவசத்தை மாட்டுவது என்பதில் பையன்களுக்குள் பெரிய வழக்கு.

"இரும்பையே போடுடா. எவ்வளவு அடி விழுந்தாலும் தாங்கும்" என்கிறான் ஒருவன்.

"அதைப் போட்டா ஓட முடியாதுடா. தோல் கவசமே போதும்" என்கிறான் இன்னொருவன்.

பக்கத்தில் ஒரு பையனின் தகப்பனார். மருந்து அடித்துவிட்டு வந்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். பேச்சைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வருகிறது. "எங்களுக்கு எது வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேடா" என்கிறார்.

சிரிப்போடு சொன்ன பேச்சுத்தான். ஆனால் பையன்களின் வழக்கும் தகப்பனாரின் பேச்சும் ஒரே விஷயத்தைப் பற்றியவை.

விளையாட்டின் கணக்கு

இந்த மாயப்போர் விளையாட்டுகள் செல்போனில் பிறந்தவை அல்ல. 1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதமும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு ஆடுவது அது. தோல், சங்கிலி வளையம், இரும்புத் தகடு என்று கவசங்களை அதில் வகை பிரித்தார்கள். கனமான கவசம் போட்டவன் அடியைத் தாங்குவான். ஆனால் மெதுவாகத்தான் நடப்பான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2004-ல் வெளியாகி உலகம் முழுவதும் பரவிய 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டில் கவசம் நான்கு வகை: துணி, தோல், சங்கிலி, தகடு. மந்திரவாதிக்கும் பூசாரிக்கும் துணிதான். பதுங்கிப் பாய்கிறவனுக்குத் தோல். வேட்டைக்காரனுக்குச் சங்கிலி. முன்வரிசையில் நிற்கும் போர்வீரனுக்குத் தகடு.

எல்லோருக்கும் கனமான கவசத்தையே கொடுத்துவிட்டால் என்ன? பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

கொடுத்தால் விளையாட்டே கெட்டுவிடும். கனத்துக்கு விலை எதுவும் இல்லை என்றால் ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோரும் அதையே எடுப்பார்கள். ஓடத் தெரிந்தவனுக்கும் வைத்தியம் தெரிந்தவனுக்கும் மந்திரம் தெரிந்தவனுக்கும் அங்கே வேலை இருக்காது. ஆகவே ஒவ்வொரு கவசத்துக்கும் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் வைத்தார்கள். கனத்தில் காப்பு அதிகம், ஓட்டம் குறைவு. லேசில் ஓட்டம் அதிகம், காப்பு குறைவு. நடுவில் இருப்பதில் இரண்டும் பாதிப் பாதி. எது வேண்டும் என்பது செய்யப் போகும் வேலையைப் பொறுத்தது.

இன்னொரு பொருளும் இதில் உண்டு. கனமான கவசம் போட்டவனை விளையாடுகிறவர்கள் 'டேங்க்' என்பார்கள். எதிரியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பின்னால் நிற்கும் துணிச்சட்டைக்காரனைக் காப்பாற்றுவது அவன் பொறுப்பு. கவசம் கனமாகக் கிடைத்தவனுக்கு மற்றவர்களைக் காக்கும் கடமையும் சேர்ந்தே கிடைக்கிறது.

இரும்பு சுமந்தவர்கள்

விளையாட்டில் உள்ள இந்தக் கணக்கு உண்மையான போர்க்களத்திலிருந்து வந்ததுதான்.

ஐரோப்பாவில் 15-ம் நூற்றாண்டு வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்புத் தகடு அணிந்தார்கள். முழுக் கவசத்தின் எடை ஏறத்தாழ 20 கிலோவில் தொடங்கி 30 கிலோவைத் தாண்டியும் போனது. உடம்பின் அளவுக்குச் செய்து எடையை உடல் முழுவதும் பரப்பியிருந்ததால், அதைப் போட்டுக்கொண்டு நடக்கவும் குதிரை ஏறவும் அவர்களால் முடிந்தது.

ஆனால் அதற்குக் கூலி உண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பழைய முறையில் செய்த கவசங்களைச் சிலருக்கு மாட்டி, ஓடும் பட்டை இயந்திரத்தில் நடக்க வைத்து, அவர்கள் இழுத்துவிடும் மூச்சை அளந்தார்கள். கவசத்தோடு நடக்கச் சாதாரணமாக ஆகும் சக்தியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் செலவானது. அதே எடையை மூட்டையாக முதுகில் சுமந்திருந்தால்கூட இவ்வளவு ஆகாது. காலில் மாட்டிய இரும்பை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருந்தது ஒரு காரணம். மார்பைச் சுற்றிய தகடு ஆழ மூச்சு விடாமல் தடுத்தது இன்னொரு காரணம்.

1415-ம் ஆண்டில் பிரான்சில் அஜின்கோர்ட் என்ற இடத்தில் நடந்த சண்டையில் இதை நேரிலேயே பார்த்தார்கள். மழையில் ஊறிய உழவு நிலத்தில், கனத்த கவசத்தோடு பிரெஞ்சு வீரர்கள் சேற்றை மிதித்து நடந்து, எதிரியை எட்டும்போதே களைத்துப் போனார்கள். லேசான உடுப்பில் இருந்த ஆங்கில வில்லாளர்களிடம் பெரிய படை தோற்றது.

நம் தென்னாட்டில் வெயிலையும் மழையையும் பார்த்தே கவசம் செய்தார்கள். 1520-ம் ஆண்டு வாக்கில் விஜயநகரத்தைப் பார்த்த போர்த்துகீசியரான டொமிங்கோ பாயஸ், அங்கிருந்த வீரர்கள் அடுக்கடுக்காகத் தைத்த கெட்டி அங்கிகள் அணிந்திருந்ததை எழுதியிருக்கிறார். இது நடுத்தரம். கேரளத்துக் களரி வீரனோ கச்சையை இறுக்கிக் கட்டி, உடம்பில் எண்ணெய் தேய்த்து, வாளும் சின்னக் கேடயமும் கொண்டு இறங்கினான். அவனுக்குக் கவசம் அவனுடைய ஓட்டமே. இது லேசு.

இந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை. 2024 செப்டம்பரில் மத்திய பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் டில்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து குண்டு துளைக்காத புதிய உடுப்பு ஒன்றை அறிவித்தன. பாதுகாப்பின் தரத்துக்கு ஏற்ப அதன் எடை 8.2 கிலோ என்றும் 9.5 கிலோ என்றும் சொன்னார்கள். கிலோவுக்குக் கீழே கிராம் கணக்கையும் எண்ணிப் பார்க்கிறார்கள் என்றால், கவசத்தின் கனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

தோட்டத்தின் மூன்று வகை

இனி வண்டிப்பெரியாருக்கு வருவோம். கோட்டயம்-குமுளி சாலையில், பெரியாற்றின் கரையில், மலைச்சரிவெல்லாம் தேயிலை. இங்கேயும் மூன்று வகைக் கவசம் இருக்கிறது. அப்படிப் பெயர் வைத்து யாரும் அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலாவது லேசான கவசம். கொழுந்து எடுக்கும் பெண்களுடையது. தலையில் துணி, இடுப்பைச் சுற்றிச் சாக்கு அல்லது பிளாஸ்டிக் தாள், மழைக்கு ஒரு போர்வை. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலையோ உப்போ சுண்ணாம்போ. நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்கிக் கை ஓயாமல் பறிக்க வேண்டியவர்களுக்கு இதற்கு மேல் கனம் ஆகாது.

இரண்டாவது நடுத்தரம். கவ்வாத்து வெட்டுகிறவர்களுடையது. கத்தி தவறினால் முழங்காலுக்குக் கீழேதான் விழும். அதனால் கெட்டிச் செருப்போ பூட்ஸோ, முரட்டுக் கால்சட்டையோ தேவை.

மூன்றாவது கனமான கவசம். மருந்து அடிப்பவர்களுடையது. இவர்களுக்கு எதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. புகைபோலப் படிகிறான், துணி வழியாக நுழைகிறான், தோல் வழியாக இரத்தத்தில் கலக்கிறான். குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்யக் கம்பம், போடிப் பக்கங்களிலிருந்து ஜீப்பில் வரும் நம்மவர்களிலும் இந்த வேலை செய்கிறவர்கள் உண்டு.

கனமான கவசம் மிகவும் தேவைப்படுகிற இவர்கள்தான் அதைப் பெரும்பாலும் போடாமல் இருக்கிறார்கள். ஏன்?

முதுகில் இருபது கிலோ

கொடுப்பதில்லை என்பது பல இடங்களில் உண்மை. கொடுத்த இடங்களிலும் அது ஆணியில் தொங்குவது உண்டு. "கொடுத்தாலும் போடமாட்டான்கள்" என்று மேற்பார்வை பார்க்கிறவர்கள் குறை சொல்வார்கள். அந்தக் குறையை எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

முதுகில் மாட்டும் மருந்து டப்பா பெரும்பாலும் 16 லிட்டர் கொள்ளும். 16 லிட்டர் தண்ணீர் 16 கிலோ. காலி டப்பாவின் எடையையும் சேர்த்தால் 20 கிலோ வந்துவிடுகிறது. ஐரோப்பிய வீரனின் முழு இரும்புக் கவசத்தின் எடைக்கு இது அதிகம் குறைந்ததல்ல. அதாவது மருந்து அடிக்கிறவன் கவசம் போடுவதற்கு முன்பே ஒரு கவசத்தின் எடையைச் சுமந்துகொண்டுதான் சரிவில் ஏறுகிறான். அதன்மேல் தண்ணீர் புகாத கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, கண்ணாடி, மூக்குமூடி எல்லாவற்றையும் மாட்டினால் என்ன ஆகும்?

மருந்து உள்ளே புகாத துணி வழியாக வேர்வையும் வெளியே போகாது. மலைக்காற்று குளிர்ந்திருந்தாலும், ஏறுகிறவன் உடம்பு உள்ளே வேகும். கண்ணாடி ஆவியால் மங்கும். மூக்குமூடியில் மூச்சு முட்டும். அரைமணி நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். லீட்ஸில் இயந்திரத்தின்மேல் நடந்தவர்களுக்கு வந்த அதே கதிதான் இது. வேர்வையில் ஊறிச் சூடேறிய தோல், மருந்தை இன்னும் அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது இதில் இன்னொரு ஆபத்து.

கவசமில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் சாட்சி. 2017-ம் ஆண்டில் அங்கே பருத்திக் காட்டில் மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேரளத்திலும் 2019 ஜனவரியில் திருவல்லாவுக்கு அருகே நெல்வயலில் மருந்து அடித்த இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

எல்லா வேலைக்கும் ஒரே உடுப்பா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விளையாட்டு கற்றுக்கொடுப்பதும் அதைத்தான்: எல்லாருக்கும் ஒரே கவசம் வேண்டாம், வேலைக்குத் தக்கபடி வகை பிரித்துக்கொள்ளுங்கள்.

சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ., மருந்து அடிப்பவர்களின் உடுப்புக்கென்று 27065 என்ற எண்ணில் ஒரு தரம் வைத்திருக்கிறது. 2017-ம் ஆண்டுப் பதிப்பில் உடுப்புகள் மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டன. ஆபத்து குறைந்த வேலைக்கு முதல் படி. காப்பும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும் என்ற வேலைக்கு இரண்டாம் படி. தண்ணீர் கலக்காத மருந்தைக் கையாளுகிறவனுக்கு மூன்றாம் படி.

இதன் பொருள் என்ன? மிகப் பெரிய ஆபத்து, மருந்தை அளந்து ஊற்றிக் கலக்கும் அந்தச் சில நிமிஷங்களில் இருக்கிறது. அங்கே இருப்பது சுத்த விஷம். அந்த இடத்தில் ரப்பர் கையுறையும், முன்பக்கம் மறைக்கும் தண்ணீர் புகாத ஏப்ரனும், முகத்துக்கு மறைப்பும் கட்டாயம். அங்கே ஓட வேண்டியதில்லை. ஆகவே கனம் ஒரு பொருட்டல்ல. கலந்து முடித்துச் சரிவில் ஏறி அடிக்கும்போது, மருந்துச் சீட்டு வேறு சொல்லாவிட்டால், நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, முழுக் கால்சட்டை, தொப்பி, கையுறை, பூட்ஸ் என்று ஒரு படி இறங்கலாம். டப்பா கசிந்தால் நனையும் முதுகுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் தாள். கனத்தை வேண்டிய இடத்தில் வைத்து வேண்டாத இடத்தில் குறைப்பதே இதன் சூட்சுமம்.

அடித்த மறுநாள் அதே மலையில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. அவர்களின் லேசான கவசம் அட்டையைத் தடுக்கும்; இலையில் ஒட்டியிருக்கும் மருந்தைத் தடுக்காது. சீட்டில் சொன்ன நாள் கழியும் வரை அந்த மலைக்கு ஆள் அனுப்பாமல் இருப்பதே அவர்களுக்குக் கவசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது யாரும் பார்த்துக் கொடுக்கும் தர்மம் அல்ல. 1971-ம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளிலேயே, மருந்தைக் கையாளுகிறவர்களுக்குத் தகுந்த பாதுகாப்பு உடுப்பு வேண்டும் என்று எழுதப்பட்டது. மேலுடுப்பும் தொப்பியும், முன்கையில் பாதி வரை வரும் ரப்பர் கையுறை, தூசி புகாத கண்ணாடி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் துவைக்கக்கூடிய துணியாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டபோது, மருந்து வேலையில் இருப்பவர்களின் பாதுகாப்புக்கு முதலாளியே பொறுப்பு என்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு உண்டு.

உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் பூச்சிமருந்துக்கு வகுத்த சர்வதேச நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. போடச் சங்கடமான, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத உடுப்பு தேவைப்படும் மருந்தையே தவிர்க்க வேண்டும். வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளுக்கும் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் இது முக்கியம் என்கிறது அது. போட முடியாத கவசத்தைக் கேட்கிற விஷம் தோட்டத்துக்குள் வரவே கூடாது என்பதுதான் இதன் சாரம். கேரள அரசு 2011-ல் மோனோகுரோட்டோபாஸ், போரேட், கார்போபுரான் உள்ளிட்ட பல மருந்துகளைத் தடை செய்தது இந்த வழியில் எடுத்த ஒரு நடவடிக்கை எனலாம்.

தொழிலாளி கவனிக்க வேண்டியவை

சட்டம் வந்து சேரும் வரை உடம்பு காத்திருக்காது. ஆகவே கைக்கு எட்டியதைச் செய்ய வேண்டும்.

மருந்து டப்பாவின் சீட்டில் சாய்ந்த சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைவு. எதிரி எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தக் கவசத்தைக் கேட்பது என்று தெரியும்.

காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்று அடியுங்கள். கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே விட்டால் வடியும் மருந்து காலில் தேங்கும். கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக்கை கையுறைக்கு மேலே இருக்கட்டும். தலைக்கு மேலே அடிக்கும்போது கையுறை சட்டைக்கைக்கு மேலே இருக்கட்டும்.

அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பீடியையோ வெற்றிலையையோ தொடாதீர்கள். நனைந்த சட்டையை உடனே மாற்றுங்கள். மருந்தில் ஊறிய துணி கவசம் அல்ல, விஷத்தை உடம்போடு வைத்துக் கட்டிய பற்று. அந்தத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

தலை சுற்றி, வேர்த்துக்கொட்டி, வாயில் எச்சில் ஊறிப் பார்வை மங்கினால், களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெய்ம்மறை

சேர மன்னர்களைப் பாடும் பழந்தமிழ் நூல் பதிற்றுப்பத்து. கவசத்துக்கு அதில் வரும் பெயர் 'மெய்ம்மறை'. உடம்பை மறைத்துக் காப்பது என்று பொருள். புலவர்கள் அந்தப் பெயரால் அரசனையே அழைத்தார்கள். தன் வீரர்களுக்கு அவனே கவசமாக முன்னால் நிற்பான் என்ற நம்பிக்கை அது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு செல்போன் விளையாட்டில் பையன்கள் 'டேங்க்' என்று சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

அந்தச் சேர நாட்டு மலையில்தான் இன்று நம்மவர்கள் 20 கிலோவை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். லயத்துப் பையனுக்குத் தன் வீரனின் கவசத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. தோற்றால் அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளவும் முடியும். அவன் தகப்பனாருக்கு இருப்பது ஒரே ஆட்டம்.

ஆகவே அடுத்த முறை தோட்டத்துக்கு உடுப்பு வாங்கும்போது கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதை மாட்டிச் சரிவில் ஏறப் போகிறவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, டப்பாவை நிரப்பிக் கொடுத்து, ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லிப் பார்க்கட்டும். பிறகு வாங்கட்டும். ஆணியில் தொங்குவதற்கென்று ஒரு கவசம் எதற்கு?